உம் கொட்டினவள்

பதினொண்ணாம் நம்பர் உள்ள போய் இருபது நிமிஷம் ஆச்சு, இன்னும் ஆளைக் காணோம், ரெண்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு பிள்ளையைப் பத்தி அப்படி என்னதான் பேசித் தீர்ப்பாங்களோ, எங்க டோக்கன் பத்தொன்பது, நடுவுல ஏழு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம்னாக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல இந்த வராண்டா பெஞ்சுலயே கிடக்கணும், நல்லதுதான், அதுக்குள்ள கேட்டுடணும், என்னடா கேட்கப் போற அமல்ராஜு, மன்னிப்பு, யார்கிட்ட, இதோ பக்கத்துல உட்கார்ந்து ஷூவை ஆட்டிக்கிட்டிருக்கிற ஏழு வயசு மகள்கிட்ட. பக்கத்துலன்னு சொல்றதே பொய். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவ தண்ணி பாட்டில் நிக்குது. உட்கார்ந்ததும் முதல் வேலையா அதை எடுத்து நடுவுல வெச்சா. நாப்பத்தோரு நாளா ஜெர்லின் என்கிட்ட எதுவும் சொல்றதில்ல. பேசறா, பேசாம ஒண்ணும் இல்ல, பேஸ்ட் தீர்ந்துடுச்சு, ஷூ லேஸ் அறுந்துடுச்சு, டைரில கையெழுத்துப் போடுங்க. போடுங்க! வா, போ, லூசு அப்பான்னு கூப்பிட்ட வாய் இப்போ எனக்கு மரியாதை குடுக்குது, வாடகைக்கு வந்த சார்கிட்டப் பேசுற மாதிரி. சகாயமேரி அதைக் கேட்டுட்டு சந்தோஷப்பட்டா, பரவாயில்லயே, பிள்ளை அப்பாவை வாங்க போங்கன்னு கூப்பிடக் கத்துக்கிட்டாளேன்னு. அவ ஆஸ்பத்திரியில நர்ஸ், இன்னிக்கும் காலை டூட்டி, அதான் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நான் வந்திருக்கேன். நடந்தது அவளுக்கும் தெரியாது. சொல்லலாம்னு பார்த்தா வாய் வரல. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கதை சொல்ற வாய், கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு உண்மையைச் சொல்ல வராம மென்னு முழுங்குது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க தூங்குமூஞ்சி மாமாதானே?" போச்சு. எதிர் பெஞ்சு. மஞ்சள் சுடிதார், மடியில ஒரு ஃபைல், பக்கத்துல முன்பல் ரெண்டும் விழுந்த ஒரு பொண்ணு. வாட்ச்மேன்கிட்ட டோக்கனைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டேன், அந்தக் குரலை வெச்சே பிடிச்சுட்டாங்களாம். "எங்க ரித்திகாவுக்கு உங்க கதை போட்டாதான் சார் தூக்கமே வரும். நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருப்பேன், அந்தப் பக்கம் நீங்க தூங்க வெச்சுடுவீங்க." அப்படியாம்மான்னு கேட்டேன். எப்படிக் கேட்டேன் பாருங்க, அடிவயித்துல இருந்து, மெதுவா, கரடி குகைக்குள்ள இருந்து பேசுற மாதிரி, அதே கதைக்குரல், ஒரு அம்மா பாராட்டினதும் தானா வந்து உட்கார்ந்துக்குச்சு. காது மடல் சூடாச்சு. நாப்பத்தோரு நாளா நெஞ்சைப் பிசையுதுன்னு சொல்லிட்டுத் திரியுற ஆளுக்கு அந்த நேரத்துலயும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, ச்சீ, என்ன ஜென்மம் இது. "அதுலயும் அந்த யானைக்குட்டி கதை இருக்கே, ஐயோ, இவ சிரிச்சுச் சிரிச்சு விக்கலே வந்துடுச்சு. நடுநடுவுல ஒரு பாப்பா உம் கொட்டுமே, அவ்வளவு அழகு சார். இதுதானா அந்தப் பாப்பா?" எட்டி ஜெர்லின் கன்னத்தைக் கிள்ளினாங்க. இல்லன்னு சொல்லியிருக்கலாம். வேற பிள்ளைம்மான்னு சொல்லியிருக்கலாம், பொய் சொல்லத் தெரியாதவனா நான். "ஆமாம்மா, இவதான்"னு சொல்லி அவ தலையில கையை வெச்சேன், கடையில பொருளைத் தொட்டுக் காட்டுற மாதிரி. ஜெர்லின் தலையை லேசா நகர்த்தினா. கை காத்துல நின்னுச்சு. அந்த அம்மா கவனிக்கல, போன்ல ஏதோ மெசேஜ் வந்துடுச்சு அவங்களுக்கு.

யானைக்குட்டி. அது ஊரார் சொன்ன கதையாவே இருந்திருக்கக் கூடாதா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குரல் குடுத்துட்டிருந்தேன், ஸ்பீக்கர் கட்டின ஆட்டோவுல திண்டுக்கல் முழுக்க ஒலிக்குமே, வாங்க வாங்கன்னு, அது நான்தான். அந்தக் குரலை வெச்சுக் குழந்தைங்களுக்குத் தூங்கப் போற நேரத்துக் கதை சொல்லி நெட்டுல போடலாம்னு, தூங்குமூஞ்சி மாமாங்கிற பேர்ல ஆரம்பிச்சேன். முதல்ல நாட்டுப்புறக் கதைங்க. ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி, பேசுற சுரைக்காய், நண்டுகிட்ட ஏமாந்த நரி. அதுல ஒரு நிம்மதி உண்டு, எப்படி வேணா மாத்திச் சொல்லலாம், நரி வந்து என் மானம் போச்சேன்னு அழாது, நரி எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கல. ஆனா வெளிச்சத்தம் வராம பீரோ பக்கத்துல போர்வையைக் கட்டித் தொங்க விட்டுக்கிட்டு தனியா மைக்குக்கு முன்னாடி சொன்னா கதை செத்துக் கிடந்துச்சு. ஏன்னு ரொம்ப நாள் புரியல. அப்புறம்தான் மண்டையில உறைச்சது, உம் கொட்ட ஆள் இல்ல. கதை கேட்கிறவங்க உம் கொட்டணும். கொட்டலைன்னா சொல்றவன் குருடன், பிள்ளை தூங்கிடுச்சா, பயப்படுதா, நம்புதா ஒண்ணும் தெரியாது. ஜெர்லினைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சேன், நாலரை வயசு, அவ கொட்டின முதல் உம்முல சுரைக்காய்க்கு உயிர் வந்துடுச்சு. அப்பப்பா, எத்தனை உம். சந்தேகப்படுற உம், அப்புறம் என்னாச்சுன்னு இழுக்கிற உம், பயந்து போர்வைக்குள்ள இருந்து வர்ற உம், தூக்கம் கண்ணைச் சுத்துற உம். கேட்கிறவங்க கதையை விட்டுட்டு அதைப் பத்தியே கமெண்ட்ல எழுத ஆரம்பிச்சாங்க. அதை அவளுக்கும் படிச்சுக் காட்டினேன், அங்கதான் தப்பு பண்ணினேன், இல்ல, அது முதல் தப்பு, தப்புக்கா பஞ்சம். தன் உம்முக்கு இவ்வளவு மவுசுன்னு தெரிஞ்சதும் பிள்ளை நடிக்க ஆரம்பிச்சுட்டா. உம்ம்ம்முன்னு நாடகத்துல வர்ற ராணி மாதிரி இழுத்தா. எனக்குப் பழைய உம் வேணும். அதனால ஒரு நாள், "இன்னிக்கு ரெக்கார்டிங் இல்லடா தங்கம், சும்மா உனக்கு மட்டும்"னு சொல்லிட்டு, மைக்கைத் தலையணை உறைக்குள்ள சொருகி வெச்சேன். பழைய உம் திரும்பி வந்துச்சு. இனிமே எப்பவும் ரெக்கார்டிங் இல்லன்னு சொன்னேன், எப்பவும் ரெக்கார்டிங் இருந்துச்சு. ஒரு வருஷம். லேப்டாப்புல அவ உம்முக்குன்னே தனி ஃபோல்டர் போட்டிருக்கேன், இருநூத்துச் சொச்சம் கிடக்குது, ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சு.

பதினாலு உள்ள போறாங்க. சீக்கிரம் நகருது இப்போ, இவ்வளவு சீக்கிரம் நகர வேண்டாம். சொல்லுடா, இப்பவே குனிஞ்சு சொல்லு. ஜெர்லின், அப்பா உன்கிட்ட ஒண்ணு, இல்ல, அது பீடிகை. பாப்பா, அப்பா பண்ணினது பெரிய தப்பு, ஆமா, அப்படித்தான் ஆரம்பிக்கணும், தப்புங்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்தி, பாரு, பாரு, மன்னிப்புக்கும் எங்க நிறுத்தணும்னு பார்க்கிறான் பாவி. என்கிட்ட ரகசியத்தைச் சொன்ன அன்னிக்கு நைட்டு அவ எங்க நிறுத்தணும்னு பார்த்தா பேசினா? போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டு, கதை பாதியில இருக்கிறப்போ, "அப்பா, ரெக்கார்டிங் இல்லதானே?"ன்னு கேட்டா. "இல்லடா." "யார்கிட்டயும் சொல்ல மாட்டேல்ல?" "சத்தியமா." தலையணைக்குள்ள சிவப்பு லைட்டு எரியுது, நான் சத்தியமாங்கிறேன். அன்னிக்குக் காலையில ஸ்கூல் ப்ரேயர்ல ஒண்ணுக்கு வந்துச்சாம். கையைத் தூக்கினாளாம், எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்ததால யாரும் பார்க்கலயாம். ஜெபம் நீண்டுக்கிட்டே போச்சாம். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாம நின்ன இடத்துலயே போயிடுச்சாம், ஷூவெல்லாம் ரொம்பிடுச்சாம், கடைசி வரிசை, மணல் தரை, யாரும் கண்டுபிடிக்கல. ஆயாம்மா மட்டும் பார்த்துட்டு, பெரிய கிளாஸ் அக்காங்க பாவாடை ஒண்ணு தேடி எடுத்து, இடுப்புல ரெண்டு மடிப்பு மடிச்சு ஊக்கு குத்தி விட்டாங்களாம். ஏன் பாவாடை பெருசா இருக்குன்னு கேட்டவங்ககிட்ட, எங்கம்மா தெரியாம பெருசா வாங்கிட்டாங்கன்னு சொன்னாளாம். "நான் பொய் சொன்னேன்பா, சாமி கோவிச்சுக்குமா?" கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அழுகையே வந்துடுச்சு எனக்கு, அது நிஜம், சத்தியமா நிஜம், என் சத்தியத்தை யார் நம்புவா. ஆனா மறுநாள் ஹெட்போனை மாட்டி அதைக் கேட்டப்போ முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா, ஃபேன் சத்தமே இல்லாம எவ்வளவு சுத்தமா பதிவாகியிருக்குன்னு. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது. ரெண்டாவதா தோணினது, அடடா, கதை. பன்னெண்டு நாளா ஒரு கதையும் வராம உட்கார்ந்திருந்தேன், வெள்ளிக்கிழமை போட்டாகணும், கேட்கிறவங்க காத்துக்கிட்டிருக்காங்க. காட்டுப் பள்ளிக்கூடத்துல ஜெபம் பண்ற யானைக்குட்டி, அடக்க முடியாம ஆறு மாதிரி விட்டுடுச்சு, தவளையெல்லாம் மழைன்னு நினைச்சு பாட ஆரம்பிச்சுடுச்சு, கரடி அத்தை ஓடி வந்து தேக்கிலையில பெரிய பாவாடை தைச்சு, இடுப்புல மடிச்சு முள்ளு குத்தி விட்டாங்க. பேரை மாத்திட்டேன், காடா மாத்திட்டேன், யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன். அதுல நடுநடுவுல ஃபோல்டர்ல இருந்து அவ உம்மையே எடுத்து ஒட்டினேன். தான் அவமானப்பட்ட கதைக்கு அவளே உம் கொட்டுறா. நான் போட்ட கதையிலயே அதிகம் பேர் கேட்டது அதுதான்.

இந்த கிளாஸ் பிள்ளைங்களும் கேட்பாங்கன்னு ஏன் தோணல எனக்கு, எந்தப் பிள்ளை தூங்கப் போனாலும் என் குரல்தான்னு பெருமை பீத்திக்கிட்டவன்தானே. ப்ரேயர், பெரிய பாவாடை, ஊக்கு, அந்தப் பிள்ளைங்க என்ன மக்குங்களா. ரெண்டே நாள்ல யானைக்குட்டின்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்களாம். இதுவும் அவ சொல்லல, ஆட்டோக்காரர் சொன்னாரு, "என்ன சார், பசங்க பாப்பாவைப் பார்த்து தும்பிக்கை ஆட்டுறானுங்க, சும்மா விளையாட்டுக்குத்தான் போல"ன்னு. அன்னிக்கு நைட்டு கதை சொல்ல உட்கார்ந்தேன், கேட்கலாமா வேண்டாமான்னு முழிச்சுக்கிட்டே ஏழு அண்ணன்மாரைப் பாதி தூரம் கூட்டிட்டுப் போயிட்டேன், உம்மே வரல. பார்த்தா தலையணை உறைக்குள்ள கையை விட்டுத் தடவுறா. மைக்கை வெளிய எடுத்தா. கத்துவான்னு நினைச்சேன், எறிவான்னு நினைச்சேன், எறிஞ்சிருந்தா நான் பிழைச்சிருப்பேன். வயரை விரல்ல ஒழுங்கா சுத்தி, முனையை உள்ள மடிச்சு, எந்திரிச்சுப் போய் மேஜை மேல வெச்சுட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டா. அவ்வளவுதான். மறுநாள் காலையில இருந்து வாங்க, போங்க. நானாவது அந்தக் கதையை எடுத்துட்டு ஓய்ஞ்சேனா? எடுக்கல. எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேட்பாங்களேன்னு ஒரு நொண்டிச் சாக்கு. அது மட்டுமா, அதுக்கப்புறம் ஆறு கதை போட்டிருக்கேன், ஆறுலயும் ஃபோல்டர்ல இருந்து உம்மை எடுத்து ஒட்டித்தான் போட்டிருக்கேன். பாப்பாவுக்கு எங்க அன்புன்னு ஜனங்க எழுதுறாங்க. பாப்பா பக்கத்து ரூம்ல கதை கேட்காமலே தூங்குறா. இப்படி ஒருத்தனைப் பத்திக் கதை சொன்னா பிள்ளைங்க ராட்சசன்னுதான் நினைக்கும்.

"ஜெர்லின்." சொல்லிட்டேன், பேரைச் சொல்லிட்டேன், இனி மேல போகணும். "பாப்பா, அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அவ என்னைப் பார்க்கல, கதவைப் பார்த்தா. "நம்ம நம்பர் வந்துடுச்சான்னு பாருங்க." பார்த்தேன். பதினாறு. "இன்னும் இல்லம்மா, அதுக்குள்ள அப்பா..." அதுக்குள்ள அந்தப் பல்லு விழுந்த பொண்ணு ரித்திகா எதிர்ல வந்து நின்னுச்சு, தும்பிக்கை ஆட்டப் போகுதுன்னு நினைச்சேன், ஆட்டினா என்ன பண்ணுவேன், பிள்ளையைத் திட்டவா முடியும். அது ஆட்டல. ஜெர்லின் கையைப் பிடிச்சு இழுத்துச்சு. ரெண்டும் தூணுக்கிட்டப் போய், கறுப்பு டைல்ஸ் மிதிக்காம தாண்டித் தாண்டி விளையாடுதுங்க. ரித்திகா காதுல ஏதோ சொல்லுது. ஜெர்லின் சிரிச்சா. அட ஆண்டவரே, என் பிள்ளை சிரிச்சா, நாப்பத்தோரு நாள் கழிச்சு அந்தக் கோணல் பல்லைப் பார்க்கிறேன். என்ன சொல்லியிருக்கும், என்னைப் பத்தியா, அவங்கப்பா லூசுன்னா, சொல்லட்டும், என்ன வேணா சொல்லட்டும். பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. அப்படியே விட்டிருக்கலாம். ஆனா எனக்கு உள்ள அரிக்குது, சிரிக்கிறப்பவே சொல்லிட்டா மன்னிச்சுடுவாளோன்னு ஒரு நப்பாசை, மன்னிப்பு இப்பவே வேணும், இன்னிக்கே வேணும், பசிச்சவன் மாதிரி. "பத்தொன்பது, இருபது, ரெண்டு பேருமே உள்ள வந்துடுங்க, நேரமாச்சு"ன்னு உள்ள இருந்து குரல். இருபது ரித்திகாவோட அம்மா.

தெய்வானை மிஸ் சின்ன உருவம், கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டுக்கிட்டு மார்க் ஷீட்டைத் தள்ளினாங்க. நான் அவங்க எதிர்ல, பக்கத்துல ஜெர்லின், பின்னாடி முதல் பெஞ்சுல மஞ்சள் சுடிதாரும் ரித்திகாவும். கணக்குல நல்லா பண்றா சார், கையெழுத்துதான் கொஞ்சம், நடுவுல ஒரு மாசம் ஏனோ யார்கூடவும் ஒட்டாம இருந்தா, இப்போ ஒரு வாரமா பரவாயில்ல, ரித்திகா பக்கத்துல உட்காருறா, சிரிக்கிறா. "அப்புறம் சார், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும், ஆனுவல் டேக்கு நீங்க அந்த யானைக்குட்டி கதையை மேடையில சொல்லணும். ஜெர்லின் பக்கத்துல உட்கார்ந்து உம் கொட்டட்டும். அவளுக்கும் கூச்சம் போகும்." ஜெர்லின் கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடிச்சதைப் பார்த்தேன். முடியாது மிஸ், வேலை இருக்குன்னு சொன்னா முடிஞ்சது. ரெண்டே வார்த்தை. நான் சொன்னது அது இல்ல. "மிஸ், அந்தக் கதையை நான் சொல்லக் கூடாது. அது என் கதை இல்ல. என் மகள் என்னை நம்பிச் சொன்னது"ன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சதும் நிறுத்த முடியல. ப்ரேயரைச் சொன்னேன், யாரும் பார்க்காத அந்தக் கையைச் சொன்னேன், பாவாடையைச் சொன்னேன், தலையணைக்குள்ள எரிஞ்ச லைட்டைச் சொன்னேன், என்னை மாதிரி கேவலமான அப்பன் கிடையாதுன்னு சொன்னேன், எல்லாம் சத்தியமான வார்த்தை, ஆனா குரல் இறங்க வேண்டிய இடத்துல இறங்குது, நிக்க வேண்டிய இடத்துல நிக்குது, தெய்வானை மிஸ் கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு உம் கொட்டுறாங்க, பின்னாடி மஞ்சள் சுடிதாரும் உம் கொட்டுறாங்க, அதைக் கேட்டுக் கேட்டு நான் இன்னும் நல்லா சொல்றேன். முடிச்சப்போ மிஸ் கண்ணைத் துடைச்சாங்க. "எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு. எந்த அப்பா இப்படி வெளிப்படையா ஒத்துக்குவாங்க." நானும் துடைச்சுக்கிட்டேன். பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு, சுகமா இருந்துச்சு, ஜெர்லின் பக்கம் திரும்பினேன், இனி நீதான் சொல்லணும்னு. பின் பெஞ்சுல ரித்திகா அவங்கம்மா கையைப் பிடிச்சு ஆட்டுது. "பார்த்தியாம்மா, நான் முதல்லயே சொன்னேன்ல, அந்த யானைக்குட்டி இவதான்." அவங்கம்மா ஷ்ஷுன்னு வாயைப் பொத்தினாங்க, பொத்தின கைக்கு உள்ள இருந்து சிரிப்பு வந்துச்சு. ஜெர்லின் மேஜையை விட்டுக் கையை எடுத்தா. மார்க் ஷீட்டை அவளே எடுத்து ஃபைல்ல வெச்சா, மிஸ்ஸுக்கு தேங்க்யூ சொன்னா, வெளிய வந்து படிக்கட்டு வரைக்கும் எனக்கு முன்னாடி நடந்தா. நான் பின்னாலயே ஓடினேன், பாப்பா, அப்பா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்ல, அப்பாவை மன்னிச்சுடுவேல்லன்னு கேட்டேன். நின்னா. திரும்பி, ரொம்ப நாள் கழிச்சு, நேரா என் மூஞ்சியைப் பார்த்தா. அழல. "அது நான் இல்ல, எங்கப்பா கற்பனையா சொன்னதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்பா. தினமும் சொன்னேன். ரித்திகா நேத்துதான் நம்புனா."